விளையாட்டு வினையாகும்போது

'விளையாட்டு வினையாகும்' என்று பெரியோர் எச்சரிப்பர். ஆயின் வினை என்னும் சொல்லுக்குத் தீங்கு என்பது மட்டுமே பொருளன்று. தொழில் என்பதும் பொருளாகும். கணினியில் ஆடும் விளையாட்டுகளை ஆக்குவது இன்று உலகில் பல்லாயிரவர்க்குப் பிழைப்பளிக்கும் தொழில். அதனை நாடும் பிள்ளைகள் நம் ஊர்களிலும் உளர்.

நம்மிடம் அரபி பயின்ற ஒருவரின் மகன், பத்தாம் வகுப்பு முடித்தவன், அண்மையில் நம்மைத் தேடி வந்தான். "ஹஜ்ரத், விளையாட்டு ஆக்குவதற்குப் பள்ளிப் படிப்பு எதற்கு? இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். வாப்பாவிடம் நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்" என்றான். தந்தையோ கணினியையே விற்றுவிடும் எண்ணத்தில் இருந்தார். இருவருக்கும் நாம் கூறியவை, இத்தகைய பிள்ளைகளையுடைய ஏனையோர்க்கும் உதவுமென்று கருதி இங்கே எழுதுகிறோம்.

தம்பி, நீ விட்டுவிட நினைக்கும் கணிதமே நீ விரும்பும் விளையாட்டின் உயிர். திரையில் எதிரி எப்பக்கம் திரும்புவான், எய்த அம்பு எத்திசையில் செல்லும் என்பனவெல்லாம் கோணக் கணிதத்தால் அமைபவை. அதிலே 'சைன்' என்றொரு சொல் பயின்றிருப்பாய். அதன் வரலாற்றைக் கேள். வடமொழியில் நாணைக் குறிக்கும் 'ஜ்யா' அரபியில் 'ஜீபா' என்றாயிற்று. உயிர்க்குறியின்றி எழுதப்பட்ட அச்சொல்லைப் பின்வந்தோர் 'ஜைப்' என வாசித்தனர். ஜைப் என்றால் ஆடையின் மார்புத் திறப்பு. பின்னர் பையையும் குறித்தது. சட்டைப் பையை நாம் 'ஜேபி' என்கிறோமே, அச்சொல்லும் அதன் வழி வந்ததே! 12ஆம் நூற்றாண்டில் லத்தீனில் பெயர்த்தோர் அதே பொருளுடைய 'சைனஸ்' என்னும் சொல்லை இட்டனர். கணினிக்கு வழிமுறை வகுக்கும் 'அல்காரிதம்' என்னும் சொல்லும், 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்தது. இவற்றையெல்லாம் கல்லாமல் இத்தொழிலில் எங்ஙனம் நிலைபெறுவாய்?

அடுத்து, சிறியதொன்றை முழுமையாகச் செய்து முடி. அரபி கற்க வருவோர்க்கு முதல் நாளே பெருநூலை நாம் தருவதில்லை. 'ஸர்ஃபு' வாய்பாட்டிலிருந்தே தொடங்குகிறோம். 1972இல் அட்டாரி நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்த ஆலன் அல்கார்னுக்குப் பயிற்சிக்கெனக் கொடுக்கப்பட்ட வேலையே புகழ்பெற்ற 'பாங்'. இரண்டு மட்டைகள், ஒரு பந்து, அவ்வளவே. 1984இல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் 'டெட்ரிஸ்' ஆக்கியபோது, அவர் கையாண்ட கணினிக்குப் படம் காட்டும் ஆற்றல் இல்லை. அடைப்புக்குறிகளையே கட்டைகளாக அடுக்கினார். இன்று உனக்கோ 'கோடோ', 'பிளெண்டர்' போன்ற மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. எனவே கருவி இல்லை என்று நீ சொல்ல இயலாது.

இத்தொழிலின் கடுமையையும் மறைத்தல் தகாது. 2023, 2024 ஆண்டுகளில் பெரிய நிறுவனங்களே ஆயிரக்கணக்கானோரை வேலையிலிருந்து நீக்கின. வெளியீட்டு நாள் நெருங்குகையில் இரவுபகலாக உழைக்க நேர்வதும் உண்டு. 2016இல் வெளிவந்த 'ஸ்டார்டூ வேலி' விளையாட்டை எரிக் பாரோன் என்பவர் ஏறத்தாழ நான்கரை ஆண்டுகள் தனியொருவராகவே உருவாக்கினார். படம், இசை, கதை யாவும் அவர் கைப்பட்டவை. அக்காலத்தில் செலவுக்காக அரங்கொன்றில் பகுதிநேரப் பணியும் செய்தார். அவரும் கணினி அறிவியலில் பட்டம் பெற்ற பின்னரே அம்முயற்சியில் இறங்கினார் என்பதை நினைவில் வை. விளையாட்டுத் துறை கைவிட்டாலும், அப்படிப்பு வேறு வாயில்களைத் திறக்கும்.

இனி, தந்தையர்க்கு ஒரு சொல். ஆடுவது வேறு, ஆக்குவது வேறு. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுக்க 2025இல் இந்தியாவில் சட்டமே வந்துள்ளது. உங்கள் பிள்ளை விழைவது அதுவன்று. கணினியை அகற்றினால் ஆட்டம் கைப்பேசிக்குள் புகும். ஆக்கும் ஆர்வமே அணையும். ஆகவே, 'எத்தனை மணி நேரம் ஆடினாய்?' என்று கேட்பதோடு நில்லாது, 'என்ன செய்து முடித்தாய்?' என்றும் கேளுங்கள். பள்ளி விடுமுறைதோறும் ஒரு சிறு விளையாட்டை முடித்துக் காட்டச் சொல்லுங்கள். அதை நீங்களே முதலில் ஆடிப் பாருங்கள். எவ்விடத்தில் விளங்காமல் நின்றீர்கள் என்பதை ஒளியாது சொல்லுங்கள். ஆடுவோர் தடுமாறும் இடத்தைக் கண்டு திருத்துவதே இத்தொழிலின் அன்றாட வேலை. பிள்ளைக்கு அப்பயிற்சியை வீட்டிலேயே அளிக்க உங்களால் இயலும்.