இரண்டு விரல் இடைவெளி

மேஸ்திரி டேப்பை எடுக்கவில்லை. கையைத்தான் நீட்டினார். முன் டயரின் தலைக்கும் மட்கார்டு வளைவுக்கும் நடுவே விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நுழைத்தார். நாலும் தாராளமாகப் போயின.

"எத்தினி விரல் வேணும்?"

"ரெண்டு போதும்ணா. அதுவே அதிகம்" என்றான் என் அக்கா மகன். கார் அவனுடையது. ஸ்விஃப்ட். வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

செஞ்சியில் திருவண்ணாமலை சாலையை ஒட்டிய தகரக் கொட்டகை அது. வாசலில் நின்றால் ராஜகிரிக் கோட்டை மலை தெரியும். காரைத் தரையோடு தரையாக இறக்கிக் கொடுப்பது இங்கே அன்றாடத் தொழில் இல்லை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நெல் ஏற்றி வரும் வண்டிகளின் கமான் பட்டை வேலைதான் சோறு போடுகிறது. சுவர் ஓரமாகப் பழைய பட்டைகள் வில்லும் வில்லுமாகச் சாய்ந்து கிடந்தன. கார் வேலையைக் கொட்டகைக்குள் கொண்டுவந்தவன் மேஸ்திரியின் மகன். கோயம்புத்தூரில் சில வருஷம் வேலை பார்த்துத் திரும்பியவன்.

நாங்கள் போனபோது ஒரு 'குட்டி யானை' சரக்கு வண்டி முன்னால் நின்றது. இன்னும் ஒரு பட்டை சேர்க்கச் சொல்லி மன்றாடிக்கொண்டிருந்தார் ஓட்டுநர். முக்கால் டன் வண்டி. 75 கிலோ மூட்டை என்றால் பத்து. அவர் எத்தனை ஏற்றுகிறார் என்று மேஸ்திரி கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. "பட்டைய நான் ஏத்திடுவேன். அச்சையும் பிரேக்கையும் யார் ஏத்துவாங்க?" என்று மட்டும் சொல்லி, முறிந்திருந்த ஒரு பட்டையை மாற்றி அனுப்பிவிட்டார். ஒருவருக்கு உயரம் போதவில்லை, அடுத்தவனுக்கு உயரம் அதிகம். ஒரே காலையில் இரண்டு வழக்கு.

காரை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றினார்கள். உள்ளே நின்றது மெக்பெர்சன் ஸ்டிரட். எர்ல் மெக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940களின் பிற்பகுதியில் கொடுத்த வடிவம். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாகச் சேர்ந்தது. இன்று நம் தெருவில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவை முன்பக்கம் இதில்தான் நிற்கின்றன. லிங்க் ராடு, பிரேக் ஹோஸின் கிளிப், கீழே இரண்டு போல்ட், மேல்முனை நட்டு. எல்லாம் விட்டதும் தூண் கையோடு வந்தது.

அடுத்துதான் பயப்பட வேண்டிய இடம். ஷாக் தண்டின் தலையில் இருக்கும் நட்டை வெறுமனே கழற்றினால், அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் எகிறி முகத்தில் அடிக்கும். மேஸ்திரியின் மகன் இரண்டு பக்கமும் கம்ப்ரஸர் கொக்கிகளை மாட்டி, மாற்றி மாற்றிச் சீராக முறுக்கினான். ஸ்பிரிங் தளர்ந்து ஆடத் தொடங்கிய பிறகே அந்த நட்டில் கை வைத்தான். மேஸ்திரி அதுவரை பேசவில்லை. டீயைக்கூட வாயருகே கொண்டுபோகவில்லை.

"ஸ்பிரிங்க ஒரு சுத்து வெட்டிட்டா காசே ஆவாதுன்னு வருவானுங்க" என்றார் பிறகு. வெட்டினால் கார் இறங்கும், உண்மைதான். ஆனால் சுற்று குறையக் குறைய ஸ்பிரிங் விறைக்கும், வெட்டிய முனை கிண்ணத்தில் சரியாக உட்காராது. பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது இடம் மாறும். கேஸ் வைத்து வெட்டினால் எஃகின் பதமும் போய்விடும். "பதம் போன பட்டையும் பதம் போன தோசைக்கல்லும் ஒண்ணு. எறிய வேண்டியதுதான்."

அக்கா மகன் வாங்கி வந்திருந்தது காயிலோவர். உடம்பு முழுக்கத் திருகு வெட்டிய குழாய், அடியில் சுழலும் பிடி, ஸ்பிரிங்கைத் தாங்க ஒரு வளையம், அதைப் பூட்ட இன்னொன்று. அவன் அவசரப்பட்டு ஸ்பிரிங் வளையத்தைக் கீழே இறக்கப் போனான். மகன் கையைத் தட்டிவிட்டான். அதை இறக்கினால் ஸ்பிரிங் லொடலொடக்கும். உயரம் குறைய வேண்டுமானால் குழாயை அடிப் பிடிக்குள் இறக்க வேண்டும். அப்போது ஸ்பிரிங்கின் இறுக்கம் அப்படியே இருக்கும், ஷாக் ஓடும் தூரமும் குறையாது. பின்பக்கம் வேறு கதை. அங்கே ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. ஸ்பிரிங்குக்கு அடியில் திருகு வைத்த கிண்ணம் உயரத்தைப் பார்த்துக்கொள்கிறது.

பின் அச்சின் ரப்பர் புஷ் போல்ட்டுகளை வேலைக்காகத் தளர்த்தியிருந்தார்கள். கார் ஸ்டாண்டில் தொங்கும்போது அவற்றை இறுக்க மேஸ்திரி விடவில்லை. "தொங்கும்போது முறுக்கினா, நிக்கும்போது ரப்பர் முறுக்கிக்கினே இருக்கும். கிழிஞ்சிடும். தரையில நின்னப்புறம்தான் கடைசி முறுக்கு." இறக்கியதும் அளக்கவும் விடவில்லை. காரை முன்னும் பின்னும் நாலு முழம் தள்ளி, மூலைக்கு மூலை அமுக்கி, டயர்கள் தரையோடு சமாதானமான பிறகுதான் டேப் வெளியே வந்தது. நாலு சக்கரமும் ஏறக்குறைய 40 மி.மீ. இறங்கியிருந்தன. இரண்டு விரல். அக்கா மகன் சாலையின் எதிர்ப்பக்கம் ஓடிப் போய் நின்று பார்த்தான். மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை கட்டிப் பார்ப்பது போல.

சட்டம் இதை ரசிப்பதில்லை. தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. கேரளத்திலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தம், அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்கிறது. கொட்டகையில் எல்லாருக்கும் இது தெரியும். மகன் கழற்றிய பழைய ஸ்டிரட்டுகளைத் துடைத்துச் சாக்கில் கட்டி, "இத பத்திரமா வை" என்று கொடுத்தான். நானும் மாமன் முறைக்கு நாலு வார்த்தை சொன்னேன். சாக்கை வாங்கிக்கொண்டான், வார்த்தையை விட்டுவிட்டான்.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். மேஸ்திரி பின்சீட்டில் ஏறினார். "ஆள் ஏத்தாம டெஸ்ட் பண்ணா அது டெஸ்டா?" நானும் பின்னால். மகன் முன்னால். ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே போகும் சாலை வழவழப்பாக இருந்தது. வளைவில் கார் சாயவே இல்லை. அக்கா மகன் முகத்தில் எட்டு ஊர் ராஜா களை. மேஸ்திரி கண்ணை மூடி, உள்ளங்கையைக் காரின் தரையில் வைத்திருந்தார். "முன்ன வலது பக்கம் கொஞ்சம் தட்டுது" என்றார். எனக்கு எதுவும் தட்டவில்லை. மகன் இறங்கி ஷாக் தலையில் உள்ள குமிழை இரண்டு கிளிக் திருப்பினான். தட்டல் நின்றதாக மேஸ்திரி சொன்னார்.

பிறகு கிராமச் சாலைக்குத் திரும்பினோம். முதல் வேகத்தடையிலேயே வயிற்றுக்கு அடியில் "கர்ர்ரக்" என்றது.

இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு. ஸ்விஃப்டின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2.45 மீட்டர். அதாவது முழுக் காரும் அந்த மேட்டின் முதுகில் ஏறி நின்றுவிடும். கணக்குப் போட்டால் வயிற்றுக்கு நாலரை செ.மீ. இடைவெளி இருந்தாலே தாண்டிவிடலாம். ஆனால் ஊர் போட்ட தடைக்கு ஆரம் ஏது? யாரோ ஒரு பிள்ளை அடிபட்ட மறுநாள் கொட்டிய கான்கிரீட் அது. இரண்டடி அகலம், முக்கால் சாண் உயரம், சுவர் மாதிரி. இரண்டு சக்கரத்துக்கும் நடுவே அது முழு உயரத்தோடு வந்து நிற்கும். ஆள் ஏறாத காருக்குத் தரையிடைவெளி 163 மி.மீ.; நாற்பதைக் கழித்து, நாலு பேரை ஏற்றினால் என்ன மிஞ்சும்?

வேகத்தைக் குறைப்பது இந்த ஊருக்குப் பழைய பழக்கம். 1690இல் கோட்டையை முற்றுகையிட வந்த முகலாயத் தளபதி சுல்பிகர் கான் உள்ளே நுழைய 1698 ஆயிற்று.

அடுத்த தடைக்கு முன் நாங்கள் மூவரும் இறங்கி நடந்தோம். அக்கா மகன் மட்டும் காரைக் கோணலாக ஏற்றி, ஒவ்வொரு சக்கரமாக இறக்கினான். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "வண்டி ரிப்பேரா தம்பி?" என்று அக்கறையாகக் கேட்டார்.

கொட்டகைக்குத் திரும்பியதும் மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை. மகன் சி வடிவ ஸ்பேனரை எடுத்தான். அரை மணி நேரத்தில் கார் 20 மி.மீ. ஏறியது. உயரம் மாறினால் சக்கரத்தின் சாய்வும் திசையும் மாறும், டயர் ஒரு பக்கமாகத் தேயும் என்பதால், அலைன்மெண்ட் பார்த்துவிட்டே வீட்டுக்குப் போகச் சொன்னான். மேஸ்திரி மறுபடியும் விரலை நுழைத்துக் காட்டினார். மூன்று.

"கேக்குறது உன் கண்ணு தம்பி. குடுக்குறது ரோடு."

அந்த அமாவாசைக்கு என் அக்காவையும் வீட்டாரையும் ஏற்றிக்கொண்டு மேல்மலையனூர் அங்காளம்மனுக்குப் போய் வந்தான். ஐந்து பேர். மறுநாள் போனில் கேட்டேன், எத்தனை இடத்தில் இடித்தது என்று.

"ஒரே இடத்துலதான் மாமா" என்றான். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "மூணரை விரல் வச்சா நல்லா இருக்குமா?"