இடஞ்சுட்டிப் பொருள் கொள்வோம்

தேக்கா என்னும் பெயரைக் கேட்கும் தமிழர் தேக்கு மரத்தை எண்ணக்கூடும். அப்பெயரோ, மூங்கிலடி என்று பொருள்படும் ஹொக்கியென் சொல்லின் வழிவந்தது. ஓசையை மட்டும் கொண்டு பொருளைத் துணிவது பிழையாகும். கல்லீரலின் நிலைகூறும் ஸ்கேன் அறிக்கையைப் படிப்போர்க்கும் இவ்வெச்சரிக்கை வேண்டும்.

செவிக்கு எட்டாத ஒலியலைகள் உடலினுள் சென்று எதிரொலித்து மீள்கின்றன; அவ்வெதிரொலியே படமாகின்றது. கொழுப்பு மிகுந்த ஈரல் அருகிலுள்ள சிறுநீரகத்தைவிட வெளிறித் தோன்றும். நீர்க்கட்டி கருமையாகத் தெரியும். இரத்த நாளங்கள் திரண்ட ஹெமாஞ்சியோமா பெரும்பாலும் வெண்மையாகத் தெரியும். பின்னவை இரண்டும் பொதுவாகத் தீங்கற்றவை. ஆயினும், 'கட்டி' என்னும் சொல்லைக் கண்டதும் புற்றுநோயென நடுங்குவோர் பலர்.

'லேசான கொழுப்பு' என்று படித்துவிட்டு அறிக்கையை மறந்துவிடுவோரும் உளர். லேசானது என்பது கொழுப்பின் அளவை மட்டுமே குறிக்கும். ஈரலில் தழும்பு ஏறத் தொடங்கியுள்ளதா என்பதைச் சாதாரண ஸ்கேன் தெளிவாகக் காட்டாது. இரத்தச் சோதனையும் ஈரலின் விறைப்பை அளக்கும் சோதனையுமே அதற்கு வழிகாட்டும். குடிப்பழக்கம் உடையவர்க்கே இந்நோய் வரும் என்று கருதி, அறிக்கையை வீட்டாரிடமும் மறைப்போர் உண்டு. மதுவைத் தொடாதவர்க்கும் நீரிழிவாலும் உடற்பருமனாலும் ஈரலில் கொழுப்பு சேரும். இதில் நாணுவதற்கு ஏதுமில்லை, மறைப்பதில்தான் கேடுண்டு.

'இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக' என்பது தமிழ் வகுப்பில் மாணவர்க்கு இடப்படும் வினா. மருத்துவரும் அவ்வாறே செய்கின்றார். நலமுடைய இளைஞரின் ஈரலில் காணும் சிறு புள்ளி வேறு. ஹெப்பட்டைட்டிஸ் பி கிருமியை நெடுநாள் தாங்கியவரின் ஈரலில் காணும் புள்ளி வேறு. பின்னவர்க்கு அது புற்றுநோயின் தொடக்கமாக இருக்கலாம். அக்கிருமியைக் கண்டறிந்த பிளம்பர்க் 1976இல் நோபல் பரிசு பெற்றார். சிங்கப்பூரில் கிருமியுடைய தாய்மார்க்குப் பிறந்த குழந்தைகளுக்கு 1985இலும், பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் 1987இலும் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தோர் பலர்க்கு அக்காப்பு குழந்தைப் பருவத்தில் கிட்டவில்லை. தம் உடலில் கிருமி உண்டா என்பதை அவர்கள் ஒருமுறையேனும் இரத்தச் சோதனையால் அறிதல் நன்று. கிருமியுடையோரில் இடர் மிகுந்தவர்க்கு ஆறு திங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் செய்யுமாறு மருத்துவர் கூறுவர்.

ஆகவே, அறிக்கையைப் பெற்றவர் அஞ்சவும் வேண்டா. அதனை மடித்து வைத்து மறக்கவும் வேண்டா. பழைய அறிக்கைகளையும் உடன் கொண்டுசென்று, 'இது புதிதா? முன்னரே இருந்து வளர்ந்ததா? அடுத்த சோதனை எப்போது?' என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். அச்சொற்களின் பொருள் அந்த விடைகளில்தான் விளங்கும்.