சிங்கம் போட்ட தாள்

மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற அன்று மாலை, சால்வையோடு இன்னொன்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்: தலைப்பில் சிங்க முத்திரை அச்சிட்ட கடிதத்தாள் கட்டு. யாரும் கொடுக்கவில்லை. நானே பையில் வைத்துக்கொண்டேன்.

தெருச் சாக்கடை அடைப்புக்கு அதில்தான் எழுதினேன். பேரனுக்குப் பள்ளியில் இடம் கேட்டும் எழுதினேன், கிடைத்தது. தாள் தீரப்போகிறது என்றதும் அதே சிங்கத்தைப் போட்டு விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டேன். பதவிப் பெயர் பெரிதாக, ‘ஓய்வு’ என்பது எறும்பளவில். மருத்துவமனையில் அதை நீட்டி வரிசையைத் தாண்டியிருக்கிறேன். முன்னால் நின்ற ஒரு பாட்டி “நீங்க போங்க சார்” என்று ஒதுங்கினார். போனேன்.

சட்டம் தெரியாமல் செய்ததல்ல. அரசுச் சின்னத்தை முறைகேடாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் 2005இல் வந்தது, விதிகள் 2007இல். அந்த விதிகளைச் சுற்றறிக்கையாக அலுவலகம் முழுக்க அனுப்பியவனே நான்தான். முன்னாள் அமைச்சர்கள், முன்னாள் நீதிபதிகள், ஓய்வு பெற்ற அரசு அதிகாரிகள் என்று எங்களையெல்லாம் குறிப்பிட்டே தடை சொல்கிறது விதி. மீறினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் வரலாம். கையெழுத்துப் போட்டபோது, இதெல்லாம் தேர்தலில் தோற்ற அரசியல்வாதிகளுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு காசிக்குப் போனபோது சாரநாத் அருங்காட்சியகத்தில் இந்தச் சின்னத்துக்கு மூலமான அசோகத் தூணின் அசல் தூண்தலையைப் பார்த்தேன். 1905இல் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தது. பளபளவென்று மெருகேற்றிய மணற்கல். நான்கு சிங்கங்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன. நம் சின்னத்தில் தெரிவது மூன்று. அவற்றின் காலடிப் பட்டையில் யானை, குதிரை, காளை, சிங்கம், இடையிடையே சக்கரம். அதற்கும் கீழே கவிழ்ந்த தாமரை. 1950 ஜனவரி 26 அன்று ஏற்ற சின்னத்தில் அதை விட்டுவிட்டார்கள். சிங்கங்களின் தலைக்கு மேலே ஒரு பெரிய தர்மச் சக்கரம் இருந்திருக்கிறது. அதன் உடைந்த துண்டுகள் அங்கேயே இருக்கின்றன. கலிங்கத்தில் ரத்தம் பார்த்து மனம் மாறிய அசோகன் வைத்த சிங்கங்கள் அறத்தைச் சுமக்க நின்றவை. நான் அவற்றை வரிசையில் நிற்பவர்களை மிரட்டக் கூட்டிப்போயிருக்கிறேன்.

சிங்கத்தின் கீழே ‘சத்யமேவ ஜயதே’, முண்டக உபநிடத வாசகம். தமிழ்நாடு அரசின் கோபுர முத்திரையில் ‘வாய்மையே வெல்லும்’ என்றிருப்பதும் அதே பொருள்தான். அந்த வாசகத்துக்கு நேர் கீழே என் தாளில் இருந்தது, நான் அப்போது வகிக்காத பதவி.

சாரநாத்தில் ஞானம் பிறந்தது என்று கதைவிட மாட்டேன். ஊர் திரும்பியதும் கேஸ் ஏஜென்சியில் கார்டை நீட்டினேன். அட்டைகள் தீர்ந்து மறுபடி அச்சடிக்கப் போனபோது, அச்சகத்துப் பையன் அனுமதிக் கடிதம் கேட்டான். அதோடு நின்றது. நான் திருந்தி நின்றதல்ல.

என்னோடு பணியாற்றி ஓய்வு பெற்றவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் பீரோவிலும் ஒரு கட்டு இருக்கும். இன்றைக்கே கிழித்துப் போடுங்கள்.