காஞ்சிக்கு ஒரு மின்சார யாத்திரை

மோட்டார் வண்டி வாங்கியவனைப் பார்த்து உறவினர்கள் மூன்று கேள்விகள் கேட்பது உலக வழக்கம். என்ன விலை? என்ன நிறம்? லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்? ஆனால் மின்சார மோட்டார் வாங்கியவனுக்கு ஒரே ஒரு கேள்விதான் காத்திருக்கிறது: "நடுவழியில் நின்றுவிட்டால் என்ன செய்வாய்?"

இந்தக் கேள்வியை நம்மிடம் கேட்காதவர் இல்லை. பால்காரர் கேட்டார், எதிர்வீட்டு ஓய்வு பெற்ற தாசில்தார் கேட்டார், ஸ்ரீரங்கத்து அத்தையும் கேட்டாள். மற்றவர்களுக்கெல்லாம் ஏதோ சமாதானம் சொல்லித் தப்பித்துக்கொண்டோம். அத்தையிடம் அது பலிக்கவில்லை. ஏனெனில் அந்த வண்டியில் ஏறப் போகிறவள் அவள்.

அத்தைக்கு வயது எண்பது. 1979ஆம் ஆண்டில், நாற்பது வருஷத்துக்கு ஒரு முறை அனந்தசரஸ் குளத்திலிருந்து வெளியே எழுந்தருளும் அத்திவரதரைச் சேவிப்பதற்காக, பஸ்ஸில் நின்றுகொண்டே காஞ்சிபுரம் போய் வந்தவள். 2019இல் அவர் மறுபடி எழுந்தருளியபோது ஜனக் கூட்டத்துக்கு அஞ்சிப் போகாமல் இருந்துவிட்டாள். இனி 2059இல்தான். "அதுவரையில் நான் காத்திருப்பது சாத்தியமில்லை. மலைமேல் நிற்கும் வரதனையாவது இன்னொரு முறை சேவித்துவிட்டு, பேத்தி கல்யாணத்துக்குக் கூறைப் புடவையும் எடுத்துக்கொண்டு வர வேண்டும்" என்பது அவளுடைய விருப்பம். முழங்கால் வலியால் பஸ் பிரயாணம் ஒத்துக்கொள்ளாது. ஆகவே நமது வண்டிதான் கதி என்று ஆயிற்று. நமது கௌரவமும் அந்த வண்டியோடு சேர்ந்து பாட்டரியில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

கணக்கைச் சொல்லிவிடுகிறோம். நமது வண்டியின் பாட்டரி 40 யூனிட் மின்சாரம் கொள்ளும். நெடுஞ்சாலையில், குளிர்சாதனமும் ஓடினால், யூனிட்டுக்குச் சுமார் 6 கிலோமீட்டர் கிடைக்கும்; ஆக 240 கிலோமீட்டர். ஸ்ரீரங்கத்திலிருந்து திண்டிவனம், வந்தவாசி வழியாகக் காஞ்சிபுரம் ஏறக்குறைய 280 கிலோமீட்டர். சின்னக் குழந்தைக்கும் தெரியும், கணக்கு உதைக்கிறது என்று. வழியில் ஓர் இடத்திலாவது வண்டிக்கு ஆகாரம் கொடுத்தாக வேண்டும்.

விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். அத்தை, நம் வீட்டு அம்மாள், நாம், அத்தையின் புளியோதரைத் தூக்கு ஆகிய நால்வர். வண்டி சத்தமே போடாமல் கிளம்பியதைக் கண்டு, "இன்னும் கிளப்பவில்லையா?" என்று கேட்டுக்கொண்டிருந்த அத்தை, கொள்ளிடம் பாலத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

உளுந்தூர்ப்பேட்டையை அடுத்து, சாலையோரச் சிற்றுண்டிச்சாலை ஒன்றின் முற்றத்தில் பாஸ்ட் சார்ஜர் இருக்கிறது என்று கைப்பேசிச் செயலி சொல்லியிருந்தது. அங்கே போய்ச் சேர்ந்தபோது பாட்டரியில் 48 சதவிகிதம் இருந்தது. நெஞ்சில் அதைவிடக் குறைவு. முதல் யந்திரத்தில் குழாயை மாட்டினோம். அது விளக்கை மினுக்கிவிட்டு மௌனம் சாதித்தது. அத்தை நம்மை ஒரு பார்வை பார்த்தாள். "நடுவழி" என்ற சொல் அந்தப் பார்வையிலேயே எழுதியிருந்தது. பக்கத்து யந்திரத்துக்கு மாற்றி மாட்டினோம். அது உடனே உறுமியது! அந்த உறுமலைப் போல இனிய சங்கீதத்தை நாம் கேட்டதில்லை. இரண்டு இட்லி, ஒரு வடை, ஒரு காப்பி ஆகிய மூன்றும் முடிவதற்குள் அரை மணியில் 15 யூனிட் ஏறி, பாட்டரி 85 சதவிகிதத்தைத் தொட்டது. அத்தை புளியோதரையைத் திறக்கவே இல்லை.

வீட்டில் இரவெல்லாம் ஏறுகிற மின்சாரம் இங்கே அரை மணியில் ஏறுவது எப்படி என்று நம் வீட்டு அம்மாள் கேட்டாள். நல்ல கேள்வி. வீட்டுக்கு வருவது மாறு மின்சாரம். பாட்டரி ஏற்பதோ நேர் மின்சாரம். வீட்டில் மாட்டினால் வண்டிக்குள் இருக்கும் சிறு கருவி ஒன்று அதை மாற்றிக் கொடுக்க வேண்டும். நெல்லை வாங்கி வைத்துக்கொண்டு கையுரலில் குற்றிக் குற்றிச் சமைப்பது போன்றது அது. பாஸ்ட் சார்ஜரோ பெரிய அரிசி மில்; வெளியிலேயே அரைத்து, அரிசியாகவே பானையில் கொட்டிவிடுகிறது. எண்பது சதவிகிதத்துக்கு மேல் ஏன் நிதானம் என்றால், கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இலைகள் காலியாக இருக்கும்போது நூறு பேர் ஒரே நொடியில் உட்காருவார்கள். கடைசி நாலு பேருக்கு இடம் தேடத்தான் நேரம் ஆகும்.

பதினொரு மணிக்குக் காஞ்சிபுரம் வந்துவிட்டோம். பாட்டரியில் 20 சதவிகிதம் மிச்சம். ஊருக்குள் சுற்ற அது தாராளம். நடை சாத்துவதற்குள் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குள் நுழைந்தோம். அத்திகிரியின் இருபத்துநான்கு படிகளையும் அத்தை ஒவ்வொன்றாக ஏறினாள். நடுவில் ஓர் இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். நாம் கை கொடுக்கப் போனோம். "வேண்டாம், உன் வண்டிக்கு மட்டுந்தான் நடுவில் நிற்க உரிமையா?" என்றாள். மேலே போனதும் அவள் நின்ற நிலையைப் பற்றி எழுதுவதற்கு நமக்குத் தகுதியில்லை. நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு பாக்கி அன்று தீர்ந்தது என்று மட்டும் சொல்லுவோம்.

உச்சிவேளைக்குப் பிறகு காஞ்சியில் யாத்திரிகனுக்கு வேலையில்லை. கோயில்களில் நடை சாத்திவிடுகிறார்கள். மறுபடி திறப்பது மாலை நாலு மணி சுமாருக்கு. தெய்வங்களே இளைப்பாறும் அந்த நேரத்தில் வண்டியும் இளைப்பாறட்டும் என்று, ஊர் ஓரத்து ஓட்டல் ஒன்றிலிருந்த சார்ஜரைத் தேடிப் போனோம்.

அங்கே ஏற்கெனவே ஒரு வாடகை வண்டி மாட்டியிருந்தது. ஓட்டுகிற பிள்ளைக்கு வயது இருபத்தைந்து இருக்கலாம். ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்கு ஆட்களை ஏற்றிப் போய்வரும் வண்டி என்றார். அத்தையைக் கண்டதும், "எண்பது ஏறிவிட்டது, பாட்டி. அதற்கு மேல் நிற்பது வீண். நீங்கள் மாட்டிக்கொள்ளுங்கள்" என்று தாமாகவே குழாயைக் கழற்றி நம் கையில் கொடுத்தார். பெட்ரோல் பங்கில் இத்தனை வருஷம் வரிசையில் நின்றிருக்கிறோம். பின்னால் நிற்பவருக்கு இடம் விட்டவர் எவரையும் கண்டதில்லை.

"புடவை எடுக்க வந்திருக்கிறோம், தம்பி. நல்ல கைத்தறி எங்கே கிடைக்கும்?" என்று அத்தை கேட்டாள்.

அவர் சற்றுத் தயங்கினார். பிறகு, "எங்கள் அப்பா நெய்கிறவர்தான், பாட்டி. பிள்ளையார்பாளையத்தில் வீடு. உங்கள் வண்டி ஏறுவதற்குள் பார்த்துவிட்டு வந்துவிடலாம்" என்றார்.

வண்டியை ஓட்டல் காவலாளியிடம் ஒப்படைத்துவிட்டு, அவர் வண்டியிலேயே போனோம். நீளமான கூடம், நடுவில் தறிக்குழி, குழியில் கால்களை இறக்கிக்கொண்டு பெரியவர் உட்கார்ந்திருந்தார். மேலே ஜக்கார்டு பெட்டி. அரக்கு உடலும் பச்சைக் கரையுமாக ஒரு புடவை பாதி நெய்யப்பட்டிருந்தது. உடலுக்கு ஒரு நாடா, இரு பக்கத்துக் கரைக்கும் இரண்டு நாடா, ஆக மூன்று நாடா ஓடுவதுதான் கோர்வை. கரையும் உடலும் தனித்தனி நிறமாயிருந்தும் பிரிக்க முடியாமல் பின்னிக்கொள்வது அதனால்தான். முந்தானைக்கு வேறு நிறம் வேண்டுமென்றால், பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புதிய பாவின் இழையைக் கோத்து இணைக்க வேண்டும். அதற்குப் பெட்னி என்று பெயர். கோர்வைக்குத் துணை ஆள் ஒருவர் தேவை. மறுபக்கத்து நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தவர் பெரியவருடைய மனைவி.

"முன்பு இவன் உட்காருவான்" என்று மகனைக் காட்டினார் பெரியவர். குரலில் கோபம் இல்லை. "இப்போது மாதச் சம்பளம் வருகிறது. நான் என்ன சொல்ல?"

ஒரு புடவைக்கு எத்தனை நாள் ஆகும் என்று விசாரித்தோம். பத்து நாளும் ஆகும், வேலைப்பாட்டைப் பொறுத்து இருபது நாளும் ஆகும் என்றார். பிறகு அவரே சிரித்துக்கொண்டு, "உங்கள் வண்டியில் மின்சாரம் ஏற எவ்வளவு நேரம்?" என்று கேட்டார். நாற்பது நிமிஷம் என்றோம். "எவ்வளவு யூனிட்?" 24 யூனிட் என்றோம்.

பெரியவர் நாடாவை நிறுத்தினார். கைத்தறி நெசவாளருக்கு அரசாங்கம் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசமாகத் தருகிறது. 2023க்கு முன்னால் அது 200ஆக இருந்தது. "எங்களுக்கு விளக்குக்கும் விசிறிக்கும் அது போதும். தறியை ஓட்டுவது மின்சாரம் இல்லை, என் கால். அதே மின்சாரத்தால் ஓடுகிற விசைத்தறியில் நெய்ததைக் கைத்தறி என்று சொல்லி விற்கிறார்களே, அதுதான் வயிற்றில் அடிக்கிறது" என்றார்.

கைத்தறிக்கென்று சில துணி வகைகளை ஒதுக்கி 1985இல் சட்டம் செய்யப்பட்டிருக்கிறது. காஞ்சிப் பட்டுக்கு 2005இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆயினும் வாங்குகிறவர்கள் கேட்டு வாங்கினாலன்றிச் சட்டம் தறிக்குழிக்குள் இறங்கி வராது. மின்சாரத்தின்மேல் நமக்கிருந்த புதுக்காதல் அந்தக் கூடத்தில் கொஞ்சம் தெளிந்தது. ஒரே சக்தி மகனுக்குச் சோறு போடுகிறது. தந்தையின் தொழிலுக்குப் போட்டியாகவும் நிற்கிறது. குற்றம் சக்தியினுடையது அல்ல. எதற்கு அதை உபயோகிக்கலாம், எதைக் கைக்கே விட்டுவிட வேண்டும் என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.

அத்தை அந்த அரக்கும் பச்சையுமான புடவையையே கேட்டாள். பெரியவர் மறுத்துவிட்டார். "இது சங்கத்துப் பாவு, அம்மா. சங்கத்துக்குத்தான் போக வேண்டும். அங்கேயே போய் வாங்குங்கள். எங்களுக்கும் அதுதான் நல்லது" என்றார். அப்படியே கூட்டுறவுச் சங்கத்துக் கடைக்குப் போனோம். அத்தை புடவையைத் திருப்பிப் பார்த்தாள். கரை உடலோடு சேரும் கோட்டை விரலால் தடவினாள். மூன்று நாடாவா என்று கடைக்காரரையே பரீட்சை செய்தாள். அதற்குப் பிறகுதான் பணத்தை எடுத்தாள்.

திரும்பி வந்தபோது வண்டி 80 சதவிகிதம் காட்டியது. காவலாளி குழாயைக் கழற்றி ஒழுங்காகச் சுருட்டி வைத்திருந்தார். யூனிட் 20 ரூபாய் வீதம் 480 ரூபாய். இந்தத் தூரம் பெட்ரோல் வண்டி ஓட இதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும். நம் தேசம் கச்சா எண்ணெயில் பெரும்பகுதியை அந்நிய நாடுகளிலிருந்தே வாங்குகிறது. மின்சாரத்திலும் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது என்பதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றும் அதில் கலந்திருக்கிறது. அந்தப் பங்கை வளர்ப்பது நம் கையில் இருக்கிறது.

நடுவழியைப் பற்றிய அச்சமும் புதிதல்ல. 1888இல் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற பெண்மணி, கணவர் கண்டுபிடித்த மோட்டாரில் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு தாய்வீட்டுக்குப் புறப்பட்டார். அப்போது பெட்ரோல் பங்க் என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. வழியில் மருந்துக் கடையில் எண்ணெய் வாங்கி ஊற்றிக்கொண்டுதான் ஊர் போய்ச் சேர்ந்தார். நம் சென்னையில் 1895இலேயே மின்சார டிராம் ஓடிற்று. அப்போதும் யாராவது ஓர் அத்தை, "நடுவழியில் நின்றுவிட்டால்?" என்று கேட்டிருப்பாள் என்பதில் சந்தேகமில்லை.

அந்தக் கேள்விக்கு நம் முன்னோர் சொன்ன விடை சத்திரமும் சாவடியும் சுமைதாங்கியும். ராணி மங்கம்மாள் சாலை போட்டதோடு நிற்காமல் சத்திரமும் கட்டினாள். நடந்து போகிறவனுக்கு வேண்டியது வேகம் அல்ல. வழியில் தனக்காக ஓர் இடம் காத்திருக்கிறது என்ற நிச்சயம். உளுந்தூர்ப்பேட்டையிலும் காஞ்சியிலும் நமக்குக் கிடைத்தது அதுதான். காத்திருந்த நாற்பது நிமிஷம் இல்லாவிட்டால் அந்தத் தறிக்குழியை நாம் பார்த்திருக்கப் போவதில்லை. எந்தப் புடவையையாவது எடுத்துக்கொண்டு ஓடியிருப்போம்.

இத்தகைய பிரயாணம் போகும் நேயர்களுக்கு அநுபவத்தில் கண்ட இரண்டு வார்த்தை. போகிற வழியில் ஒன்றுக்கு இரண்டு சார்ஜர்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எண்பது ஏறியதும், பின்னால் ஆள் இருந்தால் குழாயைக் கழற்றிக் கொடுத்துவிடுங்கள்.

மாலையில் கைலாசநாதர் கோயிலுக்குப் போனோம். ராஜசிம்ம பல்லவன் எடுப்பித்த அந்த மணற்கல் கோயில் சாயங்கால வெயிலில் தேன் நிறமாயிருந்தது. அதன்பின் இரவு தங்குவதற்காகச் சென்னைக்கு வண்டியைத் திருப்பினோம். சுங்குவார்சத்திரம் தாண்டும்போது, தூங்கிவிட்டாள் என்று நாம் நினைத்திருந்த அத்தை, மடியில் இருந்த புடவைப் பொட்டலத்தை இறுகப் பிடித்துக்கொண்டே கேட்டாள்:

"ஏண்டா, நாளைக்கு ஊருக்குத் திரும்பும்போதும் அந்த இட்லிக் கடை வாசலில்தானே நிறுத்துவாய்?"