தேனும் தேறலும்

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக யாழ்ப்பாணத்துப் பாடசாலையொன்றில் விஞ்ஞானம் கற்பித்தவள் நான். ஒவ்வோர் ஆண்டும் நொதித்தல் என்னும் பாடம் வரும். சர்க்கரையானது மதுவத்தின் தொழிற்பாட்டினால் அற்ககோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாறும் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதுவேன். மாணவிகள் பார்த்து எழுதியதும் உடனே துடைத்து விடுவேன். ஏனைய பாடங்களுக்கெல்லாம் பரிசோதனை செய்து காட்டிய நான் இதற்கு மட்டும் காட்டியதில்லை. கேட்டால், "நேரம் போதாது" என்பேன். உண்மைக் காரணம் நேரமன்று. அதனை என் அறுபத்தெட்டாவது வயதில், கடல் கடந்த ஒரு குசினியில், நள்ளிரவிலே என் பேரனுக்குச் சொல்ல நேர்ந்தது.

இளைப்பாறிய பின்னர் மகளுடன் வசிப்பதற்காக இங்கிலாந்தின் கென்ற் பகுதிக்கு வந்து சேர்ந்தேன். பழத்தோட்டங்களுக்குப் பெயர் போன இடம் அது. 'இங்கிலாந்தின் தோட்டம்' என்றே அதனை அழைப்பர். மகளின் வளவிலும் ஒரு பிளம் மரம் நிற்கின்றது. 2022ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் அது கொப்புகள் வளையக் காய்த்தது. தின்றோம், கொடுத்தோம், பாணி காய்ச்சினோம். அப்படியும் முற்றமெல்லாம் பழமாகக் கிடந்தது. அயல் வீட்டு மூதாட்டி தேனீ வளர்ப்பவர். நாங்கள் கொடுத்த ஒரு கூடைப் பழத்துக்குக் கைம்மாறாக மூன்று இறாத்தல் தேனைக் கொண்டு வந்து தந்தார். தந்தவர் சும்மா போகவில்லை. "இந்தத் தேனும் அந்தப் பழமும் சேர்ந்தால் நல்ல 'மீட்' ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மீட் என்பது தேனை நீரிற் கரைத்துப் புளிக்க வைத்து எடுக்கும் மது. பழமும் சேர்ப்பதுண்டு. இது மேனாட்டாருக்கே உரியதென்று எண்ணிவிட வேண்டாம். நம் முன்னோர் இதனைத் தேறல் என்றனர். மூங்கிற் குழாயிலே முதிர்ந்த தேன் தேறலைக் கானவர் தம் சுற்றத்தோடு உண்டு குரவையாடும் காட்சி திருமுருகாற்றுப்படையிலேயே வருகின்றது. கந்த சட்டி ஆறு நாளும் அந்நூலைப் பாராயணஞ் செய்த என் தாயார், மதுவின் பெயரைக் கேட்டாலே முகஞ் சுளிப்பவர். அந்த அடிகளையும் பக்தியோடு ஓதித்தான் வந்தார்.

பல்கலைக்கழக விடுமுறைக்கு வந்திருந்த பேரன், "அம்மம்மா, செய்து பார்ப்போமா? உங்களுக்குத்தானே இரசாயனம் தெரியும்" என்றான்.

"இந்த வீட்டில் அது வேண்டாம் ராசா" என்றேன். நான் எண்ணியதிலும் கடுமையாகவே சொல்லிவிட்டேன் போலும். அவன் முகம் வாடிற்று. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பத்தொன்பது வயதுப் பிள்ளை; பல்கலைக்கழக விடுதியில் அவன் மதுவைக் காணாமலா இருப்பான்? நான் துடைத்து விட்ட பாடத்தை வேறெவரோ அவனுக்கு வேறு விதமாகப் படிப்பிக்கக் கூடும். விடிந்ததும், "சரி, செய்வோம். ஆனால் நான் சொல்கிறபடிதான்" என்றேன்.

இதனை வாசித்துவிட்டு நம் நாட்டு நேயர்கள் எவரும் சாடி தேடப் புறப்பட வேண்டாம். உத்தரவுப்பத்திரமின்றி மது ஆக்குவது இலங்கையில் மதுவரிச் சட்டத்துக்கு மாறானது. இங்கிலாந்தில் விற்பனைக்கன்றித் தம் சொந்தப் பாவனைக்காக வீட்டில் ஆக்குவதற்குத் தடையில்லை.

தேன் ஒரு விசித்திரமான பொருள். மூடி வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. அதிலுள்ள நீர் அத்துணைக் குறைவாகையால் மதுவம் அதனுள் விழுந்தாலும், தன்னிடமுள்ள நீரையும் தேனுக்குப் பறிகொடுத்துவிட்டுச் செயலற்றுக் கிடக்கும். தண்ணீர் சேர்ந்த பின்னரே அதற்கு உயிர் வரும். எனவே மூன்று இறாத்தல் தேனை இளஞ்சூட்டு நீரிற் கரைத்தோம். நான்கு இறாத்தல் பிளம் பழங்களைப் பிளந்து, விதை நீக்கி, குளிரூட்டியில் உறைய வைத்து, பின் இளக விட்டோம். அப்படிச் செய்தால் சாறு இலகுவில் இறங்கும். பாத்திரம், கரண்டி எல்லாவற்றையும் கிருமி நீக்கிக் கழுவினோம். எல்லாமாக ஒரு கலன், அதாவது ஏறக்குறைய நாலரை இலீற்றர் வரும்படி நீர் விட்டோம். நீரமானியை மிதக்க விட்டபோது 1.100 காட்டிற்று. அதன்மேல் ஒரு சிறு பக்கற்று மதுவத்தைத் தூவினோம். தேனில் நைதரசன் குறைவாதலால் மதுவத்துக்கென விற்கும் போசணைத் தூளையும் சிறிது சேர்த்தோம்.

அயல் மூதாட்டி, பழம் போடுவதானால் முதலில் அகன்ற வாளியிலே போட வேண்டுமென்று சொல்லியிருந்தார். ஒடுங்கிய கழுத்துடைய கண்ணாடிச் சாடி பார்வைக்கு அழகாக இருந்தமையால் நாங்கள் அவர் சொற் கேளாமல் அதிலேயே கழுத்து முட்ட நிரப்பினோம். வாயிலே இறப்பர் அடைப்பான். அதன் மேல் நீர் நிறைந்த வளைகுழாய். உள்ளே பிறக்கும் வாயு குமிழியாக வெளியேறும். வெளிக்காற்று உள்ளே புகாது. மறுநாட் காலை முதலாவது குமிழி 'களுக்' என்று எழுந்தபோது, முப்பது ஆண்டுகள் எழுதி எழுதித் துடைத்த சமன்பாடு எனக்கு முன்னால் பேசுவது போலிருந்தது.

மூன்றாம் நாள் இரவு இரண்டு மணியளவில் குசினியில் வெடிச்சத்தம் கேட்டது. பழத்தோல்கள் மேலே மிதந்து வந்து குழாயின் துளையை அடைத்துவிட்டன. வாயு போக வழியின்றி அடைப்பானைத் தூக்கி எறிந்திருந்தது. கூரைத்தட்டெங்கும் சிவப்பு நுரை. பேரன் சிரித்துக்கொண்டே ஏணியைக் கொண்டு வந்தான். என்னாற் சிரிக்க முடியவில்லை. குசினியை நிறைத்து நின்ற அந்த நாற்றம், புளித்த இனிப்பு நாற்றம், ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்த அதே நாற்றம். கைகள் நடுங்கின. கதிரையில் இருந்துவிட்டேன்.

"அம்மம்மா, என்ன செய்கிறது?"

அப்போதுதான் சொன்னேன். கூடத்திலே மாலையோடு தொங்கும் படத்திலுள்ள அவனுடைய பூட்டனார், என் ஐயா, கந்தோரில் இலிகிதராக இருந்தவர். அன்பானவர், அழகாகப் பாடுபவர். மாலையிற் கந்தோர் விட்டதும் முதலில் தவறணைக்கும், பின்னர் போத்தலோடு வீட்டுக்கும் வருவார். அம்மாவின் காப்புகள் ஒவ்வொன்றாக அடகுக்குப் போயின. எங்கள் குசினி மூலையில் வெறும் போத்தல்கள் வரிசையாக நிற்கும். பழம்போத்தல் வாங்குபவன் வந்து எண்ணி எடுத்துச் செல்வான். நிறைந்த போத்தலைக் கண்டிருக்கிறேன்; வெறும் போத்தலைக் கண்டிருக்கிறேன்; பாதிப் போத்தலை மட்டும் அந்த வீட்டில் ஒருநாளும் கண்டதில்லை. 1968ஆம் ஆண்டு, எனக்குப் பதினான்கு வயதாக இருக்கையில், ஈரல் பழுதடைந்து இறந்தார். இருதய நோய் என்று ஊருக்குச் சொன்னோம். பின்பு என் பிள்ளைகளுக்கும் அதையே சொன்னேன்.

பேரன் ஏணியில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு இறங்கி வந்து, "வேண்டுமானால் இப்போதே ஊற்றிவிடுவோம்" என்றான். வாசலில் மகள் நின்றுகொண்டிருந்தாள். அவளும் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். சற்று நேரம் எவரும் பேசவில்லை. "ஊற்ற வேண்டாம். வாளியைக் கொண்டு வா" என்றேன்.

வாளிக்கு மாற்றிய பின்னர் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மிதக்கும் பழத்தை நாளுக்கு இருமுறை அகப்பையால் அமிழ்த்தி விட்டோம். பன்னிரண்டாம் நாள் வடித்துச் சாடிக்கு மாற்றினோம். புரட்டாதி முடிவில் அடியிலே வெண்சாம்பல் நிறத்தில் வண்டல் படிந்திருந்தது. மேல்நீரைக் குழாயால் வேறு சாடிக்கு இழுத்த பின், அந்த வண்டலைக் கொட்டப் போன பேரனின் கையைப் பிடித்தேன்.

ஏனென்று சொல்கிறேன். சிறுமியாயிருந்தபோது அப்பத்துக்கு மாக் கரைக்கும் நாட்களில் அம்மா என் கையிலே ஒரு சிறு போத்தலைத் தந்து கள்ளு வாங்கி வர அனுப்புவார். ஒருநாள் கோபத்தோடு கேட்டேன்: "ஐயா குடித்தால் மட்டும் கூடாது, அப்பத்துக்கு விட்டால் கூடுமோ?" அம்மா மாவைக் கரைத்தபடியே, "அப்பத்துக்கு எவ்வளவு வேண்டுமென்று எனக்குத் தெரியும் பிள்ளை. ஐயாவுக்கு எவ்வளவு போதுமென்று ஐயாவுக்குத் தெரியாது" என்றார்.

அன்றிரவு அரிசிமாவில் ஓர் அகப்பை வண்டலைக் கலந்து வைத்தேன். விடியற்காலையில் மா பொங்கிப் பாத்திர விளிம்பைத் தொட்டு நின்றது. நடுவிலே பாலப்பம் சுட்டேன். ஓரம் பொரிந்து, நடு பஞ்சாக வந்தது. மருமகன் ஐந்து தின்றார்.

தேறலோ கலங்கியே நின்றது. மாரிக் கிணற்று நீர் மாசியில் தெளிவது போல மெல்ல மெல்லத் தெளிந்து, பங்குனியில் மாணிக்க நிறங் கொண்டது. நீரமானி 0.998இல் இரு மாதங்கள் அசையாது நின்ற பின்னரே போத்தல்களில் அடைத்தோம். முற்றப் புளிக்காததைப் போத்தலில் அடைத்தால் போத்தலே வெடிக்கும். அந்தப் பாடத்தைக் கூரைத்தட்டு எங்களுக்கு முன்னரே படிப்பித்திருந்தது. ஐந்து போத்தல்கள் தேறின. ஒன்று தேன் தந்த மூதாட்டிக்கு.

2023ஆம் ஆண்டு ஆவணியில், அடுத்த பிளம் பழுக்கும் காலத்தில், ஒரு போத்தலைத் திறந்தோம். வாழ்நாளில் முதன்முறையாக, ஒரு தேக்கரண்டியளவு நானும் நாவில் வைத்தேன். தேனின் இனிப்பெல்லாம் போய்விட்டது. தேனின் மணம் மட்டும் இருந்தது. பேரன் தனக்கும் பெற்றோருக்குமாகச் சிறு கிண்ணங்களில் வார்த்தான். குடித்தார்கள், புளிப்பு நன்று என்றார்கள். பின்பு ஏதோ கிரிக்கெட் ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே அவன் தக்கையை எடுத்துப் போத்தலை அமுக்கி மூடி, அலுமாரியில் வைத்துவிட்டுப் போனான்.

நான் எழுந்து சென்று அலுமாரியைத் திறந்து பார்த்தேன். போத்தலிற் பாதி அப்படியே இருந்தது. அடுத்த கிழமையும் இருந்தது.