பழைய காருக்கு என்ன விலை?

கடந்த வருடம் கோடைகாலத்தில் லண்டனுக்குச் சென்றிருந்தபோது, ஹரோவில் வசிக்கும் எனது பள்ளிக்கூட நண்பர் ஒருவரின் வீட்டில் மூன்று வாரங்கள் தங்கியிருந்தேன். நாற்பது வருடங்கள் கணக்காளராகப் பணிபுரிந்து ஓய்வுபெற்றவர். ஐந்து சதத்தையும் கணக்கில் எழுதாமல் செலவழிக்கமாட்டார் என்று அவரது மனைவியே சொல்லிச் சிரிப்பதுண்டு. அப்படிப்பட்டவர், விமான நிலையத்திலிருந்து என்னை வீட்டுக்கு அழைத்துச் செல்லும் வழியிலேயே, "மச்சான், நான் ஒரு எம்.ஜி. வாங்கப் போறன். நீ நிக்கேக்கையே போய்ப் பாப்பம்" என்றார்.

எம்.ஜி. என்றதும் வாசகர்கள் எம்.ஜி.ஆரை நினைத்துவிட வேண்டாம். அவர் குறிப்பிட்டது எம்.ஜி.பி. என்ற இரண்டு இருக்கைகள் கொண்ட, கூரை மடிக்கக்கூடிய பந்தயப் பாணிக் கார். 1962 முதல் 1980 வரை ஒக்ஸ்போட்டுக்கு அண்மையிலுள்ள அபிங்டன் தொழிற்சாலையில் தயாரிக்கப்பட்டது. அதன் வெவ்வேறு வடிவங்களையும் சேர்த்தால் ஐந்து இலட்சத்துக்கும் மேல் செய்து விற்றார்கள். பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. இத்தனை பெருந்தொகையாகச் செய்யப்பட்டதால் அதன் உதிரிப்பாகங்கள் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. அதனாலேயே விலையும் ஜகுவார் போல வானத்துக்கு ஏறிவிடவில்லை. பேராதனையில் படித்த காலத்தில் விரிவுரையாளர் ஒருவர் திறந்த எம்.ஜி. ஒன்றில் வந்து இறங்குவதை நண்பர் தினமும் பார்த்து நின்றிருக்கிறார். அந்த ஆசை ஐம்பது வருடங்கள் அவருக்குள் கிடந்திருக்கிறது. ஓய்வூதியத்தோடு கிடைத்த மொத்தத் தொகையில் ஒரு சிறு பங்கை அதற்கென ஒதுக்கியிருந்தார்.

எவ்வளவு கொடுப்பது என்பதுதான் கேள்வி. புதிய காருக்கு விலைப்பட்டியல் உண்டு. ஐந்து வருடப் பழைய காருக்கும் ஒரு கணக்கு உண்டு. வருடங்கள் கூடக் கூட விலை குறையும், அவ்வளவுதான். ஐம்பது வருடப் பழைய காருக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. ஒரே வருடத்தில் செய்த, ஒரே நிறமுள்ள இரண்டு கார்களில் ஒன்றின் விலை மற்றதைப்போல மூன்று மடங்காக இருக்கலாம். காப்புறுதி நிறுவனங்கள் இத்தகைய கார்களை நான்கு தரங்களாகப் பிரித்து விலைவழிகாட்டி வெளியிடுகின்றன. ஆனால் பார்க்கப்போகும் கார் எந்தத் தரத்தைச் சேர்ந்தது என்பதை விற்பவர் ஒரு விதமாகவும் வாங்குபவர் வேறு விதமாகவும்தான் சொல்வார்கள்.

நண்பர் தனது தொழிலுக்கேற்ற ஒரு காரியம் செய்திருந்தார். விளம்பரங்களில் கேட்கப்படும் விலைகளை விட்டுவிட்டு, ஏலங்களில் உண்மையாக விற்கப்பட்ட விலைகளை மட்டும் மூன்று மாதங்களாக ஒரு கொப்பியில் எழுதி வந்தார். ஏல நிறுவனம் வாங்குபவரிடம் அறவிடும் தரகையும் மறக்காமல் சேர்த்திருந்தார். குரோம் பம்பர் உள்ளவை ஒரு பக்கத்தில், அமெரிக்கச் சட்டங்களுக்காக 1974 இன் பிற்பகுதியிலிருந்து கறுப்பு றப்பர் பம்பரும் உயர்த்தப்பட்ட உடலுமாக வந்தவை மறுபக்கத்தில். முன்னவைக்கே மதிப்பு அதிகம். நல்ல நிலையிலுள்ள குரோம் பம்பர்க் கார் ஒன்றுக்குத் தனது கொப்பியின்படி 12,500 பவுண்கள் நியாயமானது என்று முடிவு செய்திருந்தார். தன்னால் இயன்றது மொத்தம் 11,000. அதில் 1,500 பவுண்களை முதல் வருடத் திருத்த வேலைகளுக்கென எடுத்து வைத்துவிட வேண்டும். ஆகவே கையில் கொடுப்பது 9,500ஐத் தாண்டக்கூடாது. இந்தத் தொகையை மனைவியின் முன்னிலையில் எழுதிக் கையொப்பமும் இட்டிருந்தார்! காரைக் கண்ட பின்னர் தீர்மானிப்பவன் தோற்றுப்போவான் என்பது அவரது வாதம்.

முதலில் பார்த்தது ஒரு வியாபாரியிடம் நின்ற சிவப்புக் கார். விலை 13,950. பேரம் பேசலாம் என்றார்கள். முகம் பார்க்கலாம் போன்ற பூச்சு. பழைய கார்கள் திருத்தும் கராஜ் வைத்திருக்கும் நம்மவர் ஒருவரும் எங்களோடு வந்திருந்தார். அவர் பூச்சைப் பார்க்கவேயில்லை. சட்டைப்பையிலிருந்து துணி சுற்றிய சிறு காந்தம் ஒன்றை எடுத்துக்கொண்டு கதவுக்குக் கீழே குனிந்துவிட்டார்.

இங்கே சிறு விளக்கம் தேவை. எம்.ஜி.பி.க்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது. உடலே அதன் எலும்பு. கூரையும் இல்லாத காரில், கதவுக்குக் கீழே முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையில் ஓடுகின்ற பெட்டி போன்ற விட்டம்தான் பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்குகிறது. ஒன்றன்பின் ஒன்றாகப் பல தகடுகளால் ஆன அந்த விட்டம், உள்ளே தண்ணீர் தங்கி, உள்ளிருந்து வெளியே கறள் பிடிக்கும். அதை ஒழுங்காகத் திருத்துவதாயின் முன் மட்காட்டின் அடிப்பகுதியையும் வெட்டிப் பிரிக்க வேண்டும். பலர் அவ்வாறு செய்வதில்லை. பழைய கறளின் மேலே புதிய தகடு ஒன்றை ஒட்டிப் பூச்சும் அடித்துவிடுவார்கள்.

காந்தம் நான்கு இடங்களில் பிடிக்கவில்லை. அங்கெல்லாம் இரும்பு இல்லை, பூச்சுக்காரரின் பசைதான் இருந்தது. பின்னர் விட்டத்தின் நடுவில் ஜக் வைத்துச் சற்று உயர்த்திக் கதவைத் திறக்கப் பார்த்தார். கதவு இறுகிக்கொண்டது. உடல் நடுவில் வளைகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் ஒழுங்காகச் செய்து பூச்சும் அடிக்க ஐயாயிரம் பவுண்களுக்குக் குறையாது என்றார். எஞ்சின் பழுதானால் கழற்றிச் செய்யலாம், கபரேற்றர் புதிதாகவே வாங்கலாம், மின்சாரக் கோளாறு எரிச்சல் தந்தாலும் செலவு குறைவு. உடலில் கறள் இருந்தால் மட்டும் வாங்கவே வேண்டாம் என்பது அவரது உபதேசம். வியாபாரி காரை ஜக்கிலிருந்து இறக்கச் சொன்னார். நாங்கள் நன்றி கூறி வெளியேறினோம்.

இரண்டாவது கார் பெட்பெட்சயரில் ஒரு கிராமத்தில் இருந்தது. 1972 ஆம் ஆண்டுக் கார், நீல நிறம். விற்பவர் எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் ஆங்கிலேயப் பெண்மணி. கணவர் காலமாகி நான்கு வருடங்கள். அதன் பின்னர் கார் கராஜிலேயே நின்றிருக்கிறது. இன்னொருவரின் பற்றறியைத் தொடுத்து அயலவர் ஒருவர் எஞ்சினை இயக்கிக் காட்டினார்.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் நான் சிறிது நேரம் வேறெங்கோ போய்விட்டேன். கோண்டாவிலில் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்ற ஐயாவின் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஏ55 காரின் சத்தம் அது. காரணம் இல்லாமலில்லை. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜுக்கும் மொறிஸ் ஒக்ஸ்போட்டுக்கும் எம்.ஜி.பி.க்கும் ஒரே குடும்பத்து எஞ்சின்தான். ஐயாவின் காரில் 1489 கன சென்ரிமீற்றர், இதில் 1798. யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைக்காத தொண்ணூறுகளில், கபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடியவை அந்த எஞ்சின்கள்.

பெண்மணி கேட்ட விலை 6,500. கணவர் எப்போதோ சொன்ன விலையாம். பூச்சு மங்கியிருந்தது. கூரைச்சீலை கிழிந்திருந்தது. ரயர்கள் வெடித்திருந்தன. ஆனால் காந்தம் எல்லா இடமும் பிடித்தது. ஜக் வைத்தபோது கதவு சிரமமின்றித் திறந்தது. தேநீர் கொண்டுவந்தபோது, கணவர் சேர்த்து வைத்திருந்த கடதாசிக் கோவையையும் அவர் மேசையில் வைத்தார்.

கோவையைப் புரட்டிய நண்பரின் கை ஓரிடத்தில் நின்றது. 1994 ஆம் ஆண்டுப் பற்றுச்சீட்டு. பழைய அச்சுகளைக் கொண்டே எம்.ஜி.பி.யின் முழு உடற்கூட்டையும் 1988 முதல் புதிதாகச் செய்துவரும் நிறுவனமொன்று இங்கிலாந்தில் இயங்குகிறது. அங்கிருந்து வாங்கிய புத்தம் புதிய உடற்கூட்டுக்கான சீட்டு அது. அதாவது கறள் பிடித்த பழைய உடலை அந்த மனிதர் முழுதாகவே மாற்றியிருக்கிறார். இன்று அந்தக் கூட்டை மட்டும் வாங்குவதற்கே பத்தாயிரம் பவுண்களுக்கு மேல் வேண்டும். பெண்மணிக்கு அது மற்றக் கடதாசிகளில் ஒன்று.

நண்பர் என்னைப் பார்த்தார். நான் புன்னகை மாறாமல், அந்த அம்மையாரின் முன்னிலையிலேயே தமிழில் சொன்னேன்: "பேசாமல் காசைக் குடுத்து வாங்கு."

ஐம்பது வருடங்கள் பத்திரிகையில் உண்மையைப் பற்றித் தலையங்கம் எழுதியவன் சொன்ன புத்திமதி அது. சட்டப்படி நான் சொன்னதில் தவறில்லை. வாங்குபவன் தனக்குத் தெரிந்ததை விற்பவருக்குச் சொல்ல வேண்டுமென்று அந்த நாட்டில் விதியில்லை.

நண்பர் பதில் சொல்லவில்லை. தேநீரைக் குடித்து முடித்தார். பின்னர் பற்றுச்சீட்டை அவர் பக்கம் திருப்பி வைத்து, அது என்ன, அதனால் காரின் மதிப்பு எப்படி மாறுகிறது என்பதை ஒரு கணக்காளரின் நிதானத்தோடு விளக்கினார். நல்ல காருக்கு 12,500. ரயர், கூரைச்சீலை, பிரேக், பெற்றோல் குழாய்கள் ஆகியவற்றுக்கு 2,000 கழிக்க வேண்டும். நான்கு வருடங்கள் நின்ற எஞ்சினுக்குள் என்ன இருக்கிறதோ தெரியாது என்பதால் இன்னுமோர் 1,000. மிகுதி 9,500. "இதுதான் என்னால் கொடுக்கக்கூடியதும். ஆனால் நீங்கள் எம்.ஜி. கழகத்தில் யாரிடமாவது விசாரித்துவிட்டு முடிவு சொல்லுங்கள்" என்றார். பெண்மணி கண்ணாடியைக் கழற்றிச் சீட்டை நெடுநேரம் பார்த்தார். அந்த வருடம் வீட்டுக் கூரை திருத்தவென்று எடுத்த பணம் எங்கே போனதென்று இப்போதுதான் தெரிகிறது என்றார்.

திரும்பி வரும்போது நான் சற்றுக் கோபமாகவே இருந்தேன். "வேறை ஆரும் கூடக் குடுத்தால் கார் போச்சு" என்றேன். "போனால் போகட்டும்" என்றார் நண்பர், வீதியைப் பார்த்தபடி. அவருக்கும் உள்ளூர மனம் அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கும்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, ஐயாவும் அம்மாவும் அந்த ஒஸ்ரினில்தான் சாவகச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நான் கொழும்பில் இருந்தேன். மூன்று வாரங்களில் கையிலிருந்த பணம் முடிந்துவிட்டது. ஐயா காரை 15,000 ரூபாவுக்கு விற்றார். அமைதிக் காலத்தில் அதைப்போலப் பல மடங்கு பெறுமதி. வாங்கியவர் அதன் மதிப்பை நன்கறிந்தவர். பின்னாளில் நான் அந்த மனிதரைத் திட்டியபோது ஐயா என்னைத் தடுத்தார். "அவனிலை பிழையில்லையடா. நாளைக்குச் செல் விழுந்தால் அவன்ரை காசும் போச்சு. ஆனால் காசை எண்ணித் தரேக்கை அவன் என்ரை முகத்தைப் பாக்கேல்லை. அதுதான் ஒரு மாதிரி" என்றார்.

பெட்பெட்சயரில் அப்படி எந்தச் செல்லும் விழ இருக்கவில்லை. எங்களுக்கு நட்டம் வரும் அபாயமும் இல்லை. என்னிடம் சாட்டு எதுவும் இல்லை. தேநீர் தந்த பெண்மணியின் முன்னால் அவருக்குப் புரியாத மொழியில் பேசினேனே, அப்போது நானும் அவரது முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் தொலைபேசி வந்தது. கழகத்தில் விசாரித்தாராம். பத்தாயிரம் வரை கேட்கலாம் என்றார்களாம். ஆனால் நண்பரின் கணக்கு தனக்கு விளங்கியது, 9,500க்கே தருகிறேன் என்றார். ஐந்நூறு பவுண்களைக் குறைத்து மரியாதையைத் திருப்பித் தந்தார் என்றே நான் எடுத்துக்கொண்டேன். நண்பர் அப்படியெல்லாம் சிந்திக்கவில்லை. "வரம்புக்குள்ளை முடிஞ்சுது" என்று கொப்பியில் எழுதிக் கோடு கிழித்தார்.

பழைய கார் வாங்க நினைக்கும் அன்பர்கள் அவரது கொப்பியிலிருந்து படிக்கக்கூடியவை சில உண்டு. கேட்ட விலையை அல்ல, விற்ற விலையைப் பாருங்கள். பூச்சை அல்ல, கதவுக்குக் கீழே பாருங்கள். உங்கள் எல்லையைக் காரைக் காணுமுன் எழுதி வையுங்கள். முதல் வருடத் திருத்தச் செலவையும் காரின் விலையாகவே கருதுங்கள். அவற்றோடு என் பங்குக்கு ஒன்றைச் சேர்க்கிறேன். விற்றவரை ஒரு வருடம் கழித்து வீதியில் சந்தித்தால் நின்று சுகம் விசாரிக்கக்கூடிய விலையைக் கொடுங்கள்.

நான் கொழும்புக்குத் திரும்பும் முன்னர், புது ரயர்களோடு அந்த நீலக் காரில் ஒரு தடவை போய்வந்தோம். பெட்பெட்சயருக்குத்தான். பெண்மணி பக்கத்து இருக்கையில் ஏறிக் கிராமத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இரண்டு இருக்கைகள்தானே. நான் அவரது வீட்டு வாசலில் நின்று, அந்தச் சத்தம் திரும்பி வரும்வரை காத்திருந்தேன்.