கோல்பேஸ் ஹோட்டலில் ரெண்டு ராத்திரி

ஒரு பயிலரங்குக்காகக் கொழும்புக்குப் போயிருந்தோம். ஏற்பாடு செய்தவர்கள் அறை போட்டுத் தந்தது கோல்பேஸ் ஹோட்டலில். உடப்புசல்லாவையிலிருந்து பஸ் மாறி மாறி வந்த எங்க நாலு பேருக்கும், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகணுமோ என்று தோன்றியது. தரை அப்படி மினுங்கியது.

ஹோட்டலைத் தொடங்கியது 1864 இல். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை போட்டது 1867 இல். அப்படிப் பார்த்தால் இந்த ஹோட்டல் நம்ம தேயிலைக்கு மூணு வருஷம் மூத்தது. அது கோப்பிக் காலம். மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்த நம்ம ஆட்கள் அப்போதே மலையில் இருந்தார்கள். ஹோட்டலின் வயசை எல்லாரும் பெருமையாச் சொல்றாங்க. லயத்தோட வயசை யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

இதையெல்லாம் ஏசியில் போர்த்திக்கொண்டு பேசினோம். (குளிர் நமக்குப் புதுசில்லை, காசு கொடுத்து வாங்குற குளிர்தான் புதுசு.) குளியலறை எங்க வீட்டுக் காம்பராவைவிடக் கொஞ்சம்தான் சின்னது.

அறை சுத்தம் செய்ய வந்த அண்ணன் முதலில் இங்கிலீஷில்தான் பேசினார். நாங்கள் பேசுவதைக் கேட்டதும் கதவடியில் நின்று திரும்பினார்.

"தம்பிமாரு எந்தத் தோட்டம்?"

எந்த ஊர் என்று கேட்கவில்லை, கவனிச்சீங்களா? அவருக்கு மஸ்கெலியா பக்கம். தங்கச்சி இன்னும் கொழுந்து எடுக்கிறாராம். 'சார்' வேண்டாம்ணே என்றோம். "மத்தவங்க கேட்டா நல்லாருக்காது தம்பி" என்று சிரித்துவிட்டு, வெளியே போனதும் பழையபடி 'சார்'.

இந்த ஹோட்டலின் பேர்போன முகமே ஒரு வாசல்காரர்தான். கேரளாவிலிருந்து வந்த சாத்து குட்டன். 1942 இல் வேலைக்குச் சேர்ந்தவர், 2014 இல் இறந்தார். வெள்ளை மீசையோடு அவர் கும்பிடும் படத்தை நீங்களும் பார்த்திருப்பீங்க.

சாயங்காலம் கடல் பக்கம் உட்கார்ந்து தேத்தண்ணி சொன்னோம். விலையை வீட்டில் சொல்வதில்லை என்று நாலு பேருக்கும் ஒப்பந்தம். பக்கத்திலேயே காலிமுகத்திடல். 2018 ஒக்டோபர் 24 அன்று, நாட்சம்பளம் 1000 ரூபாய் கேட்டு மலையகப் பொடியன்களும் பிள்ளைகளும் கறுப்பு உடுப்போடு கூடியது அங்கேதான். எங்களில் ரெண்டு பேரும் போயிருந்தோம். அந்த 1000 கிடைத்தது 2021 இல். அடுத்த வருஷமே சாமான் விலை ஏறிய ஏற்றத்தில் அதுவும் கரைந்துபோச்சு.

அன்றைக்கு எடுத்த செல்ஃபி இன்னும் போனில் இருக்கு. கையில் சம்பள மட்டை, பின்னால் தூரத்தில் இதே ஹோட்டல். தேத்தண்ணி வரும்வரை படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். எங்க அறை ஜன்னல் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.